அம்மா நடக்க வேண்டும், நான் ஓட வேண்டும்: ஒரே மலையில் இரண்டும் முடியுமா?

கொட்டகலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 4 நண்பர்கள், போன வருசத்திலிருந்து ஞாயிறு காலையில் தோட்டத்து ரோட்டில் ஓடுகிறோம். ஆரம்பத்தில் 3 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. இப்போது 12 வரை ஓட முடிகிறது. அடுத்து ஏதாவது ஒரு சிகரத்துக்கு ஓடிப்போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

அப்புறம் அம்மா. வயது 61. 34 வருசம் கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்று 6 வருசம் ஆகிறது. வீட்டில் நான் "மலைக்குப் போறோம்" என்று சொன்னால் அவருக்குப் பத்தாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை என்று கொழுந்து பறிக்கும் தேயிலைப் பகுதிகள்தான் காதில் விழும். கூடையில்லாமல் அவர் எந்த மலையும் ஏறியதில்லை. போன மாதம் நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, "அங்க மேல போனா என்னதான்டா தெரியும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இடது முழங்காலில் வலி உண்டு, படி இறங்கும்போது கூடுதல். பிரசருக்கு மாத்திரை எடுக்கிறார். அக்காவும் அவருடைய மகளும் (9 வயது) வருவார்கள். எந்த மலை பொருத்தம்? ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் ஒரே நாளில் ஒரே மலைக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.


ஊவாக்காற்று எழுதியது:

தம்பி, லிப்டன் சீட். யோசிக்கவே வேண்டாம்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் பஸ் ஓடுகிறது, ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 1890ஆம் ஆண்டு கட்டிய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அங்கேதான் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து மேலே 7 கிலோமீட்டர், முழுக்கத் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோட்டு. காடு கிடையாது, பாறை கிடையாது, கையால் பிடித்து ஏற வேண்டிய இடமும் கிடையாது. எங்கே களைத்தாலும் மதகில் உட்காரலாம். உச்சி ஏறத்தாழ 1,970 மீட்டர். மேலே ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும்.

ஒரே விசயம், நேரத்தோடு போக வேண்டும். 9 மணி, 10 மணிக்கெல்லாம் கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நீங்கள் நால்வரும் ஹப்புத்தளையிலிருந்தே ஓடினால் மொத்தம் 17 கிலோமீட்டர். உங்களுக்கும் போதும்.


மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

அக்கா சொல்வதை மறுக்க மனமில்லை. ஆனாலும் அம்மாவை முதல் தடவை மலைக்குக் கூட்டிப் போகிறவர் சிவனொளிபாதமலையை விட்டுவிட்டு வேறு எங்கே போவது?

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சீசன். நல்லதண்ணிப் பாதையில் உச்சி வரை விளக்கு எரியும், வழியெல்லாம் கடை, உட்கார இடம். 2,243 மீட்டர் என்று கேட்டதும் பயம் வரும், ஆனால் ராத்திரியில் ஏறும்போது அடுத்த வளைவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கைக்குழந்தையோடும் வருகிறார்கள், ஊன்றுகோலோடும் வருகிறார்கள். எதிரே இறங்கி வருகிறவர்கள் "கருணாவாய், கருணாவாய்" என்று சொல்லிக்கொண்டு போகும்போது கால் தானாக எட்டு வைக்கும்.

நான் என் அப்பாயியை அவருடைய 70ஆவது வயதில் கூட்டிப்போனேன். மேலே எத்தனையாவது தடவை வந்திருக்கிறோமோ அத்தனை தடவை மணி அடிப்பார்கள். அப்பாயி ஒரே ஒரு தடவை அடித்துவிட்டுக் கயிற்றை விடாமல் நின்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.


பிசியோ அக்கா எழுதியது:

மஸ்கெலியாத் தம்பி, அப்பாயி ஏறியதை எழுதினீர்கள். இறங்கியதை எழுதவில்லையே?


மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

கேட்டுவிட்டீர்கள். ஏற 5 மணித்தியாலம். இறங்க 6. பாதியில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டது, கடைசிப் பகுதியில் நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு 2 கிழமை அவர் அடுப்படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அப்பாயி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இப்போதும் மனசில் இருக்கிறது.


பிசியோ அக்கா எழுதியது:

உங்கள் மேல் பிழை சொல்லவில்லை, தம்பி. எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறோம். ஏற்றத்தில் வாங்குவது மூச்சு. உட்கார்ந்தால் அது திரும்பி வரும். இறக்கத்தில் வாங்குவது முழங்கால், அது உட்கார்ந்து திரும்பி வராது.

படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் உடம்பின் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் முழங்காலில் இறங்குகிறது. நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கு மேல் படிகள். இந்த வேலைக்குப் பழகாத தசை பாதி வழியில் கைவிடும். அதன் பிறகு பாரம் மூட்டுக்குத்தான் போகும். ஓடுகிற பிள்ளைகளுக்கும் மறுநாள் தொடை வலிப்பது இதனால்தான்.

கொட்டகலைத் தம்பிக்குச் சொல்வது இது. அம்மா படி இறங்கும்போது வலி என்கிறார், அப்படியானால் இந்த வருசம் படிக்கட்டு மலை வேண்டாம். லிப்டன் சீட் சரி. மேலே வரை ஆட்டோ போகும் ரோட்டு அது. அம்மா நடந்து ஏறட்டும், இறங்கும்போது ஆட்டோவில் வரட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆட்டோவில் ஏறி, "இறக்கம்தானே" என்று நடந்து வருகிறார்கள். முழங்கால் வலிக்காரருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

போவதற்கு முன்பு 6 கிழமை பழக்குங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். காலையில் 10, மாலையில் 10. கிழமைக்கு 3 நாள் தோட்டத்து ரோட்டில் நடை, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். ஒரு மணித்தியாலம் அப்படிப் பேசிக்கொண்டு நடக்க முடிந்தால் லிப்டன் சீட் ஏறலாம். கையில் இரண்டு தடி கொடுங்கள், முழங்கை மடங்கும் உயரத்துக்கு. பிரசர் மாத்திரையை அன்றைக்கு நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும், அது என்ன மாத்திரை, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், இரண்டில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தம். 1990 அம்புலன்ஸ் இலவசம், எல்லோருடைய போனிலும் அந்த எண் இருக்கட்டும்.


கொட்டகலைக்காரன் எழுதியது:

அக்கா, கதிரை விசயத்தை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். லிப்டன் சீட் என்று முடிவு. இறங்க ஆட்டோ.

ஓட்டத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. நாங்கள் ஓடினால் 6.30க்கு மேலே போய்விடுவோம், அம்மா வர 8 மணி தாண்டும். ஒன்றரை மணித்தியாலம் காற்றில் நின்று விறைக்க வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு ஓடிப்போவதும் மனசுக்குச் சரியாகப் படவில்லை.


மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது. அப்பாயி விசயத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் செய்கிறோம். 10 நிமிசம் மேலே ஓடு, பிறகு திரும்பி மெதுவாக இறங்கி அம்மாவிடம் வா. அவரோடு 5 நிமிசம் நட, தண்ணீர் கொடு, மறுபடி ஓடு. 7 கிலோமீட்டர் ரோட்டில் இப்படிப் போய் வந்தால் உன் கணக்கில் 12, 13 கிலோமீட்டர் ஏறும், ஏற்றமும் கூடும். நேராக ஒரு மூச்சில் ஓடுவதைவிட நல்ல பயிற்சி. ஒவ்வொரு முறையும் ஒருவர் முறை வைத்து அம்மாவோடு நடக்கட்டும், அப்படியானால் அவர் எப்போதும் தனியாக இருக்க மாட்டார்.


மலையோரம் எழுதியது:

நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் சந்தோசம்தான், ஆனால் சில விசயங்களை யாரும் சொல்வதில்லை.

ரோட்டில் ஓடுங்கள். குறுக்கே தேயிலை நிரைக்குள் இறங்கி ஓடாதீர்கள். கான் (தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால்) எங்கே இருக்கிறது என்று செடி மூடியிருக்கும்போது தெரியாது, கால் உள்ளே போனால் கணுக்கால் போச்சு. மருந்து அடித்த மலையாகவும் இருக்கலாம். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நடுவே திடுதிடுவென்று இறங்குவது நல்லதல்ல. அவர்கள் முதுகில் பாரத்தோடு சரிவில் நிற்கிறார்கள், திரும்பிப் பார்த்தாலே கால் வழுக்கும். ரோட்டில் அவர்கள் எதிரே வந்தால் நீங்கள் நின்று வழி விட வேண்டும். பொது ரோட்டை விட்டு மேலே போவதென்றால் தோட்டக் காரியாலயத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் போனவரைத்தான் காவலாளி நிறுத்துவார்.

குளவி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாறை இடுக்கிலும் டர்பன்டைன் மரத்திலும் கூடு இருக்கும். சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், புகை போடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். நிறையக் கொட்டு விழுந்தவரை "பிறகு பார்ப்போம்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

காட்டோரத்தில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் இருக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கித்தான் செத்தது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து காட்டோரப் பாதையில் நான் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். கம்பியைக் கண்டால் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். விடியுமுன் ஓடுவதென்றால் டோர்ச்சோடு, பேசிக்கொண்டு, நால்வரும் ஒன்றாக. சிறுத்தைக்கு மனிதச் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும்.


வெள்ளவத்தை வாசி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. அலுவலக நண்பர்கள் 6 பேர் கிரிகல்பொத்தவுக்கு வர இருக்கிறோம். சாதாரண ஓட்டச் சப்பாத்து போதுமா? ஏறி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?


மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

அடிப்பகுதியில் ஆழமான பல் இருக்க வேண்டும். ஈரப் பாறையிலும் மானாப்புல்லிலும் தட்டையான அடி வழுக்கும். அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் கால் முன்னால் தள்ளும், விரல் முட்டினால் நகம் கறுத்து விழும். இறங்குமுன் உட்கார்ந்து கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். அதைச் செய்தாலே பாதி நகம் தப்பும்.

நேரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணித்தியாலம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதம் 7 கிலோமீட்டர், ஏற்றம் 1,000 மீட்டர் அளவில். கூட்டினால் 3 மணித்தியாலம். கூட்டம் இல்லாத நாளில் சரியாக அவ்வளவுதான் பிடிக்கிறது. கிரிகல்பொத்த ஒரு வழிக்கு மட்டும் 7 கிலோமீட்டர், ஏற்றம் குறைவு, ஆனால் சேறும் வேரும் அந்தக் கணக்கில் வராது. அந்த மலை இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிப் பூங்கா 6 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், முழு நாளையும் ஒதுக்குங்கள்.

ஓடத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று. செங்குத்தான ஏற்றத்தில் ஓடாதீர்கள். கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடங்கள், நேரம் ஏறத்தாழ ஒன்றுதான், மூச்சு மிஞ்சும். இறக்கத்தில் எட்டிப் பாயாமல் குறுகிய அடி வையுங்கள்.


மாத்தளைத் தம்பி எழுதியது:

பிரிந்து ஓடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

4 வருசத்துக்கு முன்பு மீமுரேப் பக்கம் குடும்பமாகப் போனோம், 11 பேர். எனக்கும் மச்சானுக்கும் வேகம். "நாங்க முன்னால போய்க் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுறோம்" என்று சொல்லிவிட்டு ஓடினோம். ஓடைக்கு இந்தப் பக்கம் பாதை இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்குச் சரியான பாதை தெரியும், வலது பக்கம் திரும்பி ஓடினோம். பின்னால் வருகிறவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோம்.

அவர்கள் இடது பக்கம் போயிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. போனில் கோடே இல்லை. மூடுபனி இறங்கிவிட்டது, 10 அடிக்கு அப்பால் மூங்கில்கூடத் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். மூடுபனிக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது, எங்கள் சத்தமே எங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. கடைசியில் என் சித்தி இடுப்பிலிருந்த எவர்சில்வர் டம்ளரைக் கல்லில் தட்டியிருக்கிறார். அந்த 'டங் டங்' தான் கேட்டது. 3 மணித்தியாலத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தபோது சின்ன மகன் சித்தியின் சேலைக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய மழைக்கோட் என் பையில் இருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு கட்டளை. பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர் நின்றே ஆக வேண்டும், கடைசி ஆள் முகம் தெரியும்வரை நகரக் கூடாது. அவரவர் மழைக்கோட், அவரவர் தண்ணீர், அவரவர் விசில் அவரவர் உடம்பில். பிள்ளைகளுக்கும் அப்படியே. மூன்று தடவை ஊதினால் உதவி என்று அர்த்தம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை கொட்டும்போது ஊவாவில் கச்சான் காற்று அடித்துக் காயும். டிசம்பர், ஜனவரியில் அதற்கு எதிர்: பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு நனையும். மார்ச், ஏப்ரலில் காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடி. திறந்த உச்சியில் அந்த நேரம் நிற்கவே கூடாது.

அட்டைக்கு: சவர்க்காரத்தை நனைத்து மேஸ் முழுக்கத் தேய்த்துக் காயவிட்டுப் போடுங்கள். ஏறிவிட்டால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைச் சறுக்கி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை.


கொட்டகலைக்காரன் எழுதியது:

அண்ணா, வாசித்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். 7 விசில் வாங்கிவிட்டோம்.


தலவாக்கலைத் தங்கை எழுதியது:

அண்ணா, உங்கள் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். 4 நண்பர்கள் ஓடுகிறார்கள், அம்மா நடக்கிறார், அக்கா "வருவார்". அக்கா என்ன செய்ய வருகிறார் என்று கேட்டீர்களா?

நான் 2 வருசமாக ஓடுகிறேன். காலை 5.30க்கு, வேலைக்குப் போகுமுன். முதல் மாதம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) நாய்கள் துரத்தின, பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன புள்ள, யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார்கள். பெண்பிள்ளை ஓடினால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இப்போது அதே நாய்கள் கூடவே வளைவு வரை ஓடி வருகின்றன, ஒரு பாட்டி எனக்காகச் சாயத்தண்ணி ஊற்றி வைக்கிறார்.

குடும்பப் பயணம் என்றால் எங்கள் வீடுகளில் பெண்கள் 2 மணிக்கு எழும்பி ரொட்டி சுடுவார்கள், பொட்டலம் கட்டுவார்கள், பிள்ளையைப் பார்ப்பார்கள், பை தூக்குவார்கள். மலையைப் பார்க்க மிச்சம் இருப்பது களைப்பு மட்டும். அக்காவுக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். அந்த நேரம் மகளை நீங்கள் பிடியுங்கள், அவர் தனக்குப் பிடித்த வேகத்தில் போகட்டும். ஓட வேண்டும் என்று இல்லை.


ஊவாக்காற்று எழுதியது:

தங்கச்சி சொன்னது முக்கியம். சாப்பாட்டை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும் காலை வரை கெடாது. கொஞ்சம் கித்துள் கருப்பட்டி, வாழைப்பழம், ஒரு ஜீவனி பக்கட் (தண்ணீரில் கரைக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்). வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் உடம்பில் உப்பு குறையும். பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு விசயம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவு, 2025 நவம்பரில் டித்வா புயல். நம் மலைகள் இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டோம். மழைக்குப் பிறகு பழைய பாதை அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது, கிளம்புமுன் பாருங்கள். பாதையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அம்மாவுக்குப் பிடித்துப்போனால் அடுத்தது தொட்டுபொல. 2,357 மீட்டர், இலங்கையின் மூன்றாவது உயரமான மலை, ஆனால் ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் பட்டிப்பொலப் பக்கத்து வாசலுக்குக் கிட்ட இருந்து நடை ஒரு வழிக்கு 2 கிலோமீட்டர் அளவுதான்.


கொட்டகலைக்காரன் எழுதியது:

7 கிழமைக்குப் பிறகு வருகிறேன். போன ஞாயிறு போய் வந்தோம். எழுத நிறைய இருக்கிறது.

முதல் நாளே ஹப்புத்தளையில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். நாங்கள் நால்வரும் 4.15க்கு ஓட ஆரம்பித்தோம். நல்ல குளிர், டோர்ச் வெளிச்சத்தில் மூச்சு புகையாகத் தெரிந்தது. ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது ஆட்டோவில் வந்த அம்மா தலையில் பழைய துவாயைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் தடியோடு தயாராக நின்றார். கொழுந்துக்குப் போகும்போது கட்டுவாரே, அதே கட்டு.

மஸ்கெலியா அண்ணன் சொன்னபடி போய்ப் போய் வந்தோம். ஐந்து தடவை. என் முறை வந்தபோது அம்மா சொன்ன கதைகளை நான் இதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு மலைக்கும் நின்று பார்த்தார். "இது கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் இருக்கும்", "இங்க கான் வெட்டாம விட்டுட்டாங்க, மழைக்கு மண்ணெல்லாம் போயிரும்". எனக்கு எல்லாம் ஒரே பச்சை.

பாதி வழிக்கு மேல் இரண்டு பெண்கள் கைக்காசுக்கு (கிலோ கணக்கில் கிடைக்கும் கூலிக்கு) கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ரோட்டோரத்திலிருந்து "எத்தனை கிலோ ஆச்சு?" என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கொண்டு ரோட்டோர நிரையில் நின்றுவிட்டார். அக்காவின் மகள் பாட்டி கொழுந்து எடுத்துப் பார்த்ததே இல்லை. கண் ஒரு பக்கம் பேசுகிறவரைப் பார்க்கிறது, இரண்டு கையும் செடி மேல் ஓடுகின்றன, 'முறுக் முறுக்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது. பிள்ளையும் ஒன்றைப் பிடித்து இழுத்தாள், காம்போடு வந்தது. "நகத்தால கிள்ளாத, விரலால ஒடி" என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு பிடி நிறைந்ததும் அந்தப் பெண்ணின் பையில் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பையில் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது என்று அந்தப் பெண் சந்தோசப்பட்டார்.

அக்கா கடைசி 3 கிலோமீட்டரைத் தனியாக நடந்தார். தலவாக்கலைத் தங்கச்சிக்கு அவர் சொல்லச் சொன்னது: "போன் எடுத்துக்கிட்டுப் போனேன், ஒரு தடவைகூடப் பார்க்கல."

எங்களில் ஒருவன் இறங்கும்போது குறுக்கே பாய்ந்து கானில் காலை விட்டான். மலையோரம் அண்ணன் எழுதியதை வாசித்தவன்தான். கணுக்கால் வீக்கம், இப்போது பரவாயில்லை.

8.10க்கு அம்மா மேலே வந்துவிட்டார். அரை மணித்தியாலம் முழுக்கத் தெளிவாக இருந்தது. தெற்கே தாழ்வான நிலம், தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. நான் ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. நேர் கீழே ஒரு லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரை, வாசலில் யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது எறும்பு மாதிரித் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம லயமும் மேல இருந்து பார்த்தா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

முழங்காலில் வலி இல்லை. ஆட்டோவில்தான் இறங்கினார். பிசியோ அக்காவுக்கு நன்றி.

தொட்டுபொல பிறகு போகலாம். எங்கள் தோட்டத்துக்கு மேலே, கடைசி மலையைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. பேர் பெற்ற சிகரம் கிடையாது, எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. அங்கே நின்றால் எங்கள் லயம் நேர் கீழே தெரியும். அம்மா பிறந்ததும் அதே லயம், இன்னும் அந்தப் பாறைக்குப் போனதில்லை. அடுத்த மாதம் கூட்டிப் போகிறோம். மலையோரம் அண்ணா, அனுமதிக்கு யாரிடம் கேட்பது?


மலையோரம் எழுதியது:

காரியாலயத்தில் பெரிய கிளாக்கரிடம் ஒரு கடிதம் கொடுங்கள், எத்தனை பேர், எந்த நாள், எந்தப் பாதை என்று எழுதி. காவலாளிக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாறையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். கடைசிப் பகுதி மானாப்புல்லாக இருக்கும், அம்மாவுக்கு முன்னால் ஒருவர் மிதித்துக்கொண்டு போங்கள்.

அன்றைக்கு வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் காயப்போட்டுவிட்டு ஏறுங்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.